மாஸ்க் கொடுத்தாயிற்று, அப்புறமும் முதலாளிதான் பொறுப்பா?

9 பிப்ரவரி 2025: ஒரு வாசகர் கேட்டது

கல் அறுத்து பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். மாஸ்க் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டிருக்கிறேன், ஒருவனும் போடுவதில்லை. கேட்டால் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். அதில் பாதிப் பேர் புகை பிடிப்பவர்கள் வேறு. நாளைக்கு எவனுக்காவது நுரையீரல் கெட்டுப்போனால் நான் எப்படிப் பொறுப்பாவேன்? தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளாதவனுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி, இரவு

நான் வக்கீல் இல்லை. தொழிற்சாலைகளில் தூசு அளக்கும் வேலை பார்த்தவன். அந்த வேலையில் இருந்தவன் நோய் வழக்குகளைப் படிக்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான் என் தகுதி.

சுருக்கமான பதில்: ஆமாம் ஐயா, பெரும்பாலும் நீங்கள்தான் பொறுப்பு.

மாஸ்க் கொடுத்தீர்களா என்பது வரிசையில் கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சிலிக்கா (கல்லில் இருக்கும், தூசாகி நுரையீரலைக் கெடுக்கும் கனிமம்) குறைந்த கல்லுக்கு மாற முடியுமா? பிளேடு மேல் தண்ணீர் விழுகிறதா? தூசு கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் இருக்கிறதா? அறுக்கும் இடத்தையும் மற்றவர்கள் நடமாடும் இடத்தையும் தடுத்திருக்கிறீர்களா? இத்தனையும் செய்த பிறகும் மிஞ்சுகிற தூசுக்குத்தான் மாஸ்க். முதல் நான்கும் முதலாளி மட்டுமே செய்யக்கூடியவை. தொழிலாளி தன் காசில் எக்ஸாஸ்ட் குழாய் போட முடியாது. தூசு யார் கையில் இருந்ததோ அவர்தான் பொறுப்பு. எந்த நாட்டுச் சட்டத்தைப் புரட்டினாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

10 பிப்ரவரி

மூச்சு முட்டுகிறது என்று உங்கள் ஆட்கள் சொல்வது சாக்கு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது சாக்காகத் தெரியவில்லை.

அளவெடுக்கப் போகும் இடங்களில் நானும் மாஸ்க் போட்டிருக்கிறேன். நின்று வேடிக்கை பார்க்கிற எனக்கே அரை மணி நேரத்தில் உள்ளே வியர்வை வழிந்து, நனைந்த துணி மூக்கில் ஒட்டும். கையில் கனமான கிரைண்டர் பிடித்துக் குனிந்து நிற்பவன் எட்டு மணி நேரம் அதைப் போட்டிருப்பான் என்று எந்தக் கணக்கில் எதிர்பார்க்கிறோம்? நல்ல மாஸ்க் என்றால் முகத்தோடு ஒட்ட வேண்டும். இரண்டு நாள் தாடி இருந்தாலே ஓரத்தில் காற்று புகும். என்95 என்று பெட்டியில் எழுதியிருப்பது அந்தத் துணியைப் பற்றிய சான்றிதழ். உங்கள் ஆளின் தாடைக்கும் மூக்கெலும்புக்கும் அது பொருந்துமா என்று தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் போன இடங்களில் அந்தப் பொருத்தச் சோதனை செய்தவர்கள் மிகக் குறைவு. சர்ஜிக்கல் மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு "பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டது" என்று கையெழுத்து வாங்கி வைத்திருந்தவர்கள்தான் அதிகம். அந்தக் கையெழுத்துப் புத்தகம் மட்டும் எல்லா இடத்திலும் தூசு படியாமல் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று. போடாதவனைக் கண்டித்து நிறுத்தும் அதிகாரமும் முதலாளியிடம்தான் இருக்கிறது. தாமதமாக வந்தால் சம்பளத்தைப் பிடிக்கத் தெரிந்தவர், மாஸ்க் விஷயத்தில் மட்டும் "சொன்னேன், கேட்கவில்லை" என்றால் நீதிபதி நம்பமாட்டார்.

11 பிப்ரவரி

புகை பற்றி. சிலிக்கோசிஸ் புகையால் வராது. கல் தூசு நுரையீரலின் அடியில் போய் உட்கார்ந்து, அதை விழுங்க வரும் செல்களைக் கொன்று, சுற்றிலும் தழும்பு கட்டிக்கொண்டே போவதால் வருகிறது. சிகரெட் மூச்சுத் திணறலைக் கூட்டும், ஆனால் அந்தத் தழும்பை உண்டாக்காது. ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கதை வேறு. அங்கே புகையும் நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும். அப்படிப்பட்ட ஒரு வழக்கில், 2005இல், இங்கிலாந்து நீதிமன்றம் புகை பிடித்ததற்காக இழப்பீட்டில் 20 சதவீதம் குறைத்தது. மீதி 80ஐ முதலாளி கட்டினார்.

ஆக, "அவன் புகை பிடிப்பவன்" என்பது உங்களுக்கு ஒரு தள்ளுபடி வாங்கித் தரலாம், அதுவும் சில நோய்களில் மட்டும்.

13 பிப்ரவரி

எவ்வளவு தூசு ஆபத்து என்று ஒருவர் கேட்டிருந்தார். என் தொழில் இதுதான், கொஞ்சம் நீட்டுவேன்.

அமெரிக்காவில் 2016இல் வந்த விதிப்படி, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் படிகச் சிலிக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது. உடல் உழைப்பு செய்பவர் ஒரு ஷிப்டில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம். அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே பத்து உப்புத் துகள் எடைதான். கண்ணுக்குத் தெரிந்து முகத்தில் அப்பும் தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் கடைசிப் பைகள் வரை போவது சில மைக்ரான் அளவுள்ள துகள். அது கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது, இருமலையும் உடனே கிளப்பாது. "எங்கள் பட்டறையில் அவ்வளவு தூசு இல்லையே" என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை.

அளப்பது எப்படி என்றால், தொழிலாளியின் இடுப்பில் ஒரு சின்ன பம்ப், காலர் பக்கத்தில் சைக்ளோன் என்கிற கருவி, அதற்குள் முன்கூட்டியே எடை பார்த்த ஃபில்டர். பெரிய துகள்களை சைக்ளோன் கீழே தள்ளிவிடும், நுண்ணியது ஃபில்டரில் படியும். ஷிப்ட் முழுக்க ஓடவிட்டு, திரும்ப எடை பார்த்து, அதில் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, எவ்வளவு என்று ஆய்வகத்தில் பிரித்துச் சொல்வார்கள்.

இது பாடம். நடப்பது என்னவென்றால், நாங்கள் வரும் தேதி முன்பே தெரிந்திருக்கும். போனால் தரை கழுவி ஈரமாக இருக்கும். மோசமான இரண்டு மெஷின்கள் "ரிப்பேர்". எப்போதும் பழுதாய்க் கிடக்கும் எக்ஸாஸ்ட் அன்றைக்கு மட்டும் கல்யாண வீட்டு மேளம் மாதிரி முழங்கும். ஒரு இடத்தில் பம்ப் மாட்டிய ஆளையே மேஸ்திரி கேட் பக்கம் லோடு எண்ண அனுப்பிவிட்டார். நான் எடுத்த எண் சரியான எண்தான். அந்த நாள்தான் பொய்யான நாள். ரிப்போர்ட்டில் "அளவீட்டின்போது இயந்திரங்கள் முழு அளவில் இயங்கவில்லை" என்று ஒரு வரி எழுதுவேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிப் பலமுறை போன் வந்திருக்கிறது.

இருபது வருடம் கழித்து வழக்கு வந்தால், முதலாளி தரப்பு நீட்டும் முதல் காகிதம் அந்த ரிப்போர்ட்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

16 பிப்ரவரி

சரி, சட்டத்துக்கு வருவோம். முதலாளிகள் பிடித்துக்கொள்ளும் பெரிய கிளை இது: "இந்தத் தூசு என் தூசு என்று நிரூபி."

இதற்கு அடித்தளமான தீர்ப்பு 1956இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே உச்ச நீதிமன்றமும் அதுதான்) கொடுத்தது, பானிங்டன் காஸ்டிங்ஸ் வழக்கில். எஃகு வார்ப்பாலையில் வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் தொழிலாளிக்கு நுரையீரல் தூசு நோய். அங்கே சிலிக்கா தூசு இரண்டு வழியில் வந்தது. ஒன்று காற்றழுத்தச் சுத்தியல். அந்தக் காலத்தில் அதன் தூசை அடக்க வழியே கிடையாது, எனவே அதில் முதலாளி மேல் தவறில்லை. இன்னொன்று கிரைண்டர், அதற்கு உறிஞ்சும் குழாய் இருந்தும் சரியாகப் பராமரிக்கவில்லை, அது தவறு. பெரும்பகுதித் தூசு தவறில்லாத வழியில் வந்ததுதான். இருந்தும், தவறான வழியில் வந்த தூசு நோய்க்குக் குறிப்பிடத்தக்க அளவு பங்களித்திருந்தால் போதும் என்றார்கள். அதுதான் முழுக் காரணம் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை.

அப்புறம் 2002இல் ஃபேர்சைல்டு வழக்கு. மீசோதீலியோமா என்ற புற்றுநோய், ஆஸ்பெஸ்டாஸ் நாரால் வருவது. தொழிலாளி பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறார், எல்லா இடத்திலும் ஆஸ்பெஸ்டாஸ். எந்த இடத்து நார் புற்றைக் கிளப்பியது என்று உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கீழே இருந்த நீதிமன்றம் "யார் என்று தெரியவில்லை, ஆகவே யாருமில்லை" என்று அனுப்பிவிட்டது. தவறு செய்தவர்கள் கூட்டமாக இருந்தால் எல்லோரும் தப்பிக்கலாம் என்றாகிறது அல்லவா? பிரபுக்கள் சபை அதை மாற்றி, ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பு என்றது. 2006 மே மாதம் பார்க்கர் வழக்கில் அதே சபை, அவரவர் பங்குக்கு மட்டும் கட்டினால் போதும் என்று கொஞ்சம் பின்வாங்கியது. பாதி முதலாளிகள் திவாலாகியிருப்பார்கள், அந்தப் பங்கு யார் தலையில்? நோயாளி தலையில். நாடாளுமன்றம் ஜூலைக்குள் சட்டம் போட்டு, மீசோதீலியோமாவுக்கு யாரைப் பிடித்தாலும் முழுத்தொகையும் வாங்கலாம் என்று மாற்றிவிட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த வேகம் வேறெந்தத் தொழில் நோய்க்கும் வாய்த்ததாகப் படித்ததில்லை.

எனக்கு இதில் ரசிக்கத் தோன்றுவது இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் நாரால் வரும் தழும்பு நோய்) எல்லாம் தொழில் நோய்ப் பட்டியலில் இருந்தன. குறிப்பிட்ட வேலையில் குறிப்பிட்ட காலம் இருந்தவனுக்கு அந்த நோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே கொள்ளப்பட்டது. முதலாளிகள் பலர் என்றால், ஆணையர் நியாயம் என்று கருதும் விகிதத்தில் எல்லோரும் கட்ட வேண்டியிருந்தது. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் "வேலையில் இருந்தவன்" என்று காட்டும் காகிதம் எங்கே? அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அதை அப்புறம் எழுதுகிறேன்.

17 பிப்ரவரி

சிலிக்கோசிஸ்காரர்களும் ஃபேர்சைல்டைக் காட்டி ஒரே முதலாளியிடம் முழுத்தொகை கேட்கலாம் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். முடியாது. சிலிக்கோசிஸ் தூசு ஏற ஏற முற்றும் நோய். ஐந்து வருடம் ஒரு இடம், பத்து வருடம் இன்னொரு இடம் என்றால் பங்கு பிரிக்க வழி இருக்கிறது, நீதிமன்றங்களும் பிரிக்கின்றன. மீசோதீலியோமா அப்படியில்லை, வந்தால் வந்தது, அதில் பாதி நோய் என்று கிடையாது. 2006 சட்டம் அதற்கு மட்டும்தான்.

22 பிப்ரவரி

காலம். மொத்த விவகாரத்தின் முடிச்சும் இதில்தான் இருக்கிறது.

சாதாரண விபத்தில் கை போனால் அன்றைக்கே தெரியும். நாள்பட்ட சிலிக்கோசிஸ் பத்து, இருபது வருடம் கழித்து முகம் காட்டும். மீசோதீலியோமாவுக்கு நாற்பது வருடம்கூட ஆகலாம். இடையில் வேலையை விட்டுவிட்டாலும் சிலிக்கோசிஸ் நிற்காது, உள்ளே இருக்கும் தூசு தன் வேலையைத் தொடரும். வழக்குப் போட மூன்று வருடம் கெடு என்றால், அந்த மூன்று வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

1963இல் ஷெஃபீல்டு எஃகுத் தொழிலாளர்கள் வழக்கில் (கார்ட்லெட்ஜ் வழக்கு) பிரபுக்கள் சபை என்ன சொன்னது தெரியுமா? நுரையீரல் கெடத் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும், அது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்றாலும் சரி. அதாவது நோய் இருக்கிறது என்று தெரியும் முன்பே வழக்குப் போடும் உரிமை செத்துப்போகும். எழுதிய நீதிபதிகளே இது அநியாயம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினார்கள். அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை 1949இலேயே தீர்த்திருந்தது. ரயில் எஞ்சினில் முப்பது வருடம் கரி தள்ளிய யூரி என்பவரின் வழக்கு. சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலின் தூசு அவர் நுரையீரலில். அறியாமல் இருந்தது அவர் குற்றமல்ல, நோய் வெளிப்பட்ட பிறகுதான் காலம் ஓடத் தொடங்கும் என்றார்கள்.

இன்றைக்குப் பல நாடுகளில் "தெரிந்த நாள்" கணக்குதான். ஆனாலும் ஓட்டை இருக்கிறது. மருத்துவர் காசநோய் என்று எழுதிக்கொடுத்து மூன்று வருடம் மாத்திரை சாப்பிட்டவன் கதை என்ன? எக்ஸ்ரேயில் இரண்டும் குழப்பும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றவும் செய்யும். நான் அளவெடுத்த ஒரு குவாரியில், "இவருக்குக் காசம், அவருக்குக் காசம்" என்று விரல் நீட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரே ஷெட்டில் துளை போடுகிறவர்களுக்கு மட்டும் அத்தனை காசம்!

2 மார்ச்

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள்.

1924இல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற ஆஸ்பெஸ்டாஸ் நூற்பாலைப் பெண் 33 வயதில் இறந்தார். குக் என்ற மருத்துவர் நுரையீரலை ஆராய்ந்து, ஆஸ்பெஸ்டாஸ் துகள்தான் காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினார். டர்னர் பிரதர்ஸ் நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. 1930இல் அரசாங்க அறிக்கை, 1931இல் அரசாங்க விதிகள். 1935இல் அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனத் தலைவர் சம்னர் சிம்ப்சன், ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நமக்கு நல்லது என்ற பொருளில் இன்னொரு நிறுவன வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதக் கட்டு நாற்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் வழக்குகளின் முகமே மாறியது. ஜான்ஸ் மான்வில் என்ற பெரிய நிறுவனம் 1982இல் திவால் மனு போட்டது, வழக்குச் சுமையைத் தாங்காமல்.

சிலிக்கா பற்றியும் பழைய கதை உண்டு. 1930-31இல் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை. யூனியன் கார்பைடுக்கு மின்சாரம் தர ஆற்றைத் திருப்பும் வேலை. சிலிக்கா நிறைந்த பாறையில் தண்ணீர் விடாமல் உலர்வாகத் துளை போட்டார்கள். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். மாஸ்க் இல்லை. பார்வையிட வந்த அதிகாரிகள் மட்டும் போட்டிருந்ததாகச் சாட்சியம் உண்டு. பத்து இருபது வருடம் காத்திருக்க வேண்டிய நோய் சில மாதங்களில் வந்தது. 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. அங்கே சொல்லப்பட்ட சாவுக் கணக்கு 476. பிறகு ஒரு மருத்துவர் ஆராய்ந்து 764 என்றார். கம்பெனி மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயர் "டன்னலைட்டிஸ்". சுரங்கக் காய்ச்சலாம்.

இப்போதைய கதைக்கு வாருங்கள். சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கும். கிரானைட்டில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுதான், பளிங்கில் அதைவிட மிகக் குறைவு. 2012இல் இஸ்ரேல் மருத்துவர்கள், நுரையீரல் மாற்று அறுவைக்கு வந்த செயற்கைக் கல் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது, உலகத்தில் முதல் நாடாக. அதே ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி, இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்ட ஒரு இளம் தொழிலாளியின் இழப்பு 5 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டு, கல் தயாரிப்பாளர்களும் அதற்குப் பொறுப்பு என்றது.

பட்டறைக்காரர் ஐயா, உங்களிடம் வரும் கல் எது என்று சொல்லவே இல்லையே?

4 மார்ச்

சொல்லிவிட்டார். "எல்லாமும்." சரி.

9 மார்ச்

கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுத்தால் பொறுப்பு போய்விடுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். தனியாகக் கேட்டதிலிருந்தே அவர் யார் பக்கம் என்று தெரிகிறது.

போகாது. நான் மேலே சொன்ன இந்தியச் சட்டத்திலேயே, கான்ட்ராக்டரின் ஆளுக்கும் முதன்மை முதலாளி கட்ட வேண்டும், பிறகு வேண்டுமானால் கான்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. தாய் நிறுவனமும் தப்ப முடியாது என்று 2012இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கேப் என்ற ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனத்தின் துணை நிறுவனத்தில் 1959 முதல் 62 வரை செங்கல் ஏற்றிய ஒருவர் போட்ட வழக்கு அது. பக்கத்தில் சுவரில்லாத ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் வேலை. ஐம்பது வருடம் கழித்து நோய் தெரிந்தபோது துணை நிறுவனம் கலைந்தே போயிருந்தது. உடல்நலம், பாதுகாப்பு விஷயங்களில் தாய் நிறுவனத்துக்குத்தான் அறிவும் மேற்பார்வையும் இருந்தது, எனவே அதுவே பொறுப்பு என்றார்கள். அதே கேப் நிறுவனத்தின் மேல் ஆயிரக்கணக்கான தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் லண்டனிலேயே வழக்கு நடத்தலாம் என்று 2000இல் பிரபுக்கள் சபை அனுமதித்திருந்தது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் கான்ட்ராக்டர் என்ற அடுக்கு பொறுப்பை அழிப்பதில்லை, காகிதத்தை அழிக்கிறது. மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இல்லை. இருந்தாலும் வேறு பெயரில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் மாறுவார், ஷெட் அதே, மெஷின் அதே, ஆளும் அதே.

15 மார்ச்

எல்லாத் தொழிலாளியும் உண்மை பேசுவான் என்ற மாதிரி எழுதுகிறேன் என்று பட்டறைக்காரர் கோபித்திருக்கிறார். நியாயமான கோபம். மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

2005இல் டெக்சாஸில் நீதிபதி ஜேனிஸ் ஜாக் முன்னால் சுமார் 10,000 சிலிக்கோசிஸ் வழக்குகள் குவிந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கிளறியதில், மொத்தக் கூட்டத்துக்கும் நோய் என்று எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்கள்தான் என்று வெளிவந்தது. வழக்குப் போட்டவர்களில் பாதிக்கு மேல் முன்பே ஆஸ்பெஸ்டோசிஸ் என்று சொல்லி வேறு நிதியில் மனு போட்டவர்கள். ஒரே ஆளின் நெஞ்சை ஒரே மருத்துவர் ஒரு முறை ஆஸ்பெஸ்டோசிஸ் என்றும் இன்னொரு முறை சிலிக்கோசிஸ் என்றும் படித்திருக்கிறார். பணத்துக்காகத் தயாரிக்கப்பட்ட நோய்கள் என்று நீதிபதி எழுதினார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. நிலக்கரி நிறுவனங்களுக்காக எக்ஸ்ரே படித்துக்கொடுத்த, பெயர்பெற்ற ஒரு அமெரிக்க மருத்துவமனையின் நிபுணர், 1,500க்கும் அதிகமான வழக்குகளில் ஒன்றில்கூட முற்றிய கரிநுரையீரலை (நிலக்கரித் தூசால் வரும் நுரையீரல் நோயை) காணவில்லை என்று 2013இல் பத்திரிகையாளர்கள் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் எல்லாருக்கும் இரண்டு நோய், மறுபக்கம் ஒருவருக்குமே நோயில்லை. படம் பார்க்கும் கண்ணுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார் என்பது படத்தைவிட முக்கியமாகிவிட்டது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு எக்ஸ்ரே படிப்பதற்கென்றே ஒரு தரவரிசையும் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிப் படங்களும் வைத்திருப்பது சும்மா இல்லை. அதிலும் இரண்டு தரப்புக்கும் வேண்டாத மூன்றாவது ஆள் படித்தால்தான் ஏதோ பயன்.

30 மார்ச்

முதலாளிதான் கட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து எழுதி வருகிறேன். இரண்டு வாரமாக அதையே வேறு பக்கமிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் 1979 முதல் 1995 வரை வேலை பார்த்தவர் தெம்பெகிலே மன்காயி. அரசு இழப்பீட்டுத் திட்டத்தில் அவருக்குக் கிடைத்தது சுமார் 16,000 ரேண்ட். நிறுவனத்தின் மேல் 26 லட்சம் ரேண்டுக்கு வழக்குப் போட்டார். திட்டத்தில் வாங்கியவன் முதலாளி மேல் வழக்குப் போட முடியாது என்று நிறுவனம் வாதாடியது. 2011 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம், போடலாம் என்றது. தீர்ப்புக்குச் சில நாள் முன்பு அவர் இறந்துவிட்டார். அவர் திறந்த கதவு வழியாக 2016இல் பெருங்கூட்டு வழக்கு அனுமதிக்கப்பட்டது. 2018இல் சமரசம், 500 கோடி ரேண்ட், 2019இல் நீதிமன்ற ஒப்புதல், பணத்தைப் பிரித்துக் கொடுக்க ட்ஷியாமிசோ அறக்கட்டளை. வழக்கு என்பது இவ்வளவு நீளம். நுரையீரலில் அவ்வளவு நீளம் கிடையாது.

அப்படியானால் வழக்கில்லாமல் பொது நிதியிலிருந்து கொடுப்பது நல்லதா? குஜராத்தின் குவார்ட்ஸ் அரைவை ஆலைகளில் வேலை பார்த்து மடிந்த மத்தியப் பிரதேசப் பழங்குடித் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கொடுக்கச் சொன்னது மாநில அரசை. குடும்பங்களுக்குக் காசு வந்தால் சரி என்பேன் நான், யார் பையிலிருந்து வந்தால் என்ன. ஆனால் அரைவை ஆலைக்காரனுக்கு இதில் என்ன பாடம்? தூசைப் பிடிக்கும் கருவி வாங்கினால் அவன் காசு. வாங்காவிட்டால் ஊரார் காசு.

அமெரிக்காவில் கரிநுரையீரலுக்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். நிலத்தடியில் 15 வருடம் உழைத்து, மூச்சுக் குறைவால் முழுதாக முடங்கியவர் என்றால், நோய் சுரங்கத்தால்தான் என்று வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் சுமையை நிறுவனத்தின் மேல் போடுகிறார்கள். நிறுவனமே இல்லாமல் போயிருந்தால் நிலக்கரி மேல் போடும் வரியில் நடக்கும் நிதி கொடுக்கும். 1981இல் இந்த விதியை எடுத்தார்கள், 2010இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

என் மனம் இப்போது இங்கேதான் நிற்கிறது: முதலில் நிதி கொடுத்துவிடட்டும், உடனே. பிறகு நிதியே முதலாளியைத் துரத்தட்டும். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு நோயாளி ஏன் கோர்ட் படி ஏற வேண்டும்?

2 ஏப்ரல்

"தூசு அளப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டா?" என்று ஒருவர். உண்டு என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி போன் வந்தது என்று எழுதினேனே, எடுத்துக் கொடுக்கிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அடுத்த ஆர்டர் அவர்களுக்குத்தான் போகும்.

6 ஏப்ரல்

எக்ஸ்ரேயில் தழும்பு தெரிகிறது, மூச்சு இன்னும் நன்றாக இருக்கிறது, இழப்பீடு உண்டா? நாட்டுக்கு நாடு மாறும். நுரையீரல் உறையில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் தகடுகளுக்கு, தொந்தரவு தராதவை என்பதால் இழப்பீடு கிடையாது என்று 2007இல் பிரபுக்கள் சபை சொன்னது. ஸ்காட்லாந்து 2009இல் தனிச் சட்டம் போட்டு உண்டு என்றது. ஒரே தீவில் எல்லைக்கோட்டின் தெற்கே அது காயமில்லை, வடக்கே காயம்.

19 ஏப்ரல்

தன் அண்ணனுக்குச் சிலிக்கோசிஸ் உறுதியாகியிருக்கிறது, பழைய முதலாளி ஆலையை மூடிவிட்டார், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குத்தான் அவசரம், மற்ற வாதமெல்லாம் காத்திருக்கலாம்.

முதலில், மருத்துவரிடம் "என்ன வேலை, எத்தனை வருடம், என்ன கல்" என்பதைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் புகை பிடிப்பாரா என்று மட்டும் எழுதுவார்கள். நோய் உறுதியான தேதி எழுத்தில் வேண்டும், கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடக்கூடும். நாள் தள்ளாமல் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள்.

வேலை பார்த்ததற்கு அத்தாட்சி: சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பக்கம், ஆலை வாசலில் எடுத்த போட்டோ, கான்ட்ராக்டர் அனுப்பிய மெசேஜ், எதுவும் வீண் இல்லை. ஒன்றுமே இல்லையென்றால் கூட வேலை பார்த்தவர்களிடம் இப்போதே வாக்குமூலம் எழுதி வாங்குங்கள். அவர்களும் அதே தூசைச் சுவாசித்தவர்கள், அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டாம்.

ஆலை மூடினாலும் காகிதம் எங்காவது இருக்கும். 1995இல் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் வேலைக்காலத்தோடு இன்னும் 30 வருடம். "அழித்துவிட்டோம்" என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வைத்திருக்க வேண்டியதை அழித்தவர் மேல் நீதிமன்றத்துக்கு நல்ல எண்ணம் வராது. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் பழைய தூசு அளவீட்டு ரிப்போர்ட் இருக்கிறதா என்று மனு போட்டுக் கேளுங்கள். கிடைத்தால் எண்ணை மட்டும் பார்க்காமல், அன்றைக்கு எத்தனை மெஷின் ஓடியது என்ற குறிப்பையும் தேடுங்கள்.

அப்புறம், எக்ஸ்ரே, சிடி படங்களின் அசலை எந்த ஏஜெண்டிடமும் கொடுக்க வேண்டாம். நகல் போதும். முடிந்தால் எனக்கு அந்த ஆலை எந்த மாதிரிக் கல் அரைத்தது என்று மட்டும் எழுதுங்கள், அளவீட்டு ரிப்போர்ட் கையில் வந்தால் படித்துச் சொல்கிறேன்.